அஞ்சு நிமிஷம் நீலமானார்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். நான் மடிக்காமல் கேட்டேன். முதல் நன்றி அவளுக்கு. "எழுதிக்கோ. ஆனா என்னை முட்டாளா காட்டாத" என்பது நிபந்தனை. முயல்கிறேன். கதையில் முட்டாள்தனம் செய்தது அவள் மட்டும்தான் என்பது கொஞ்சம் இடைஞ்சல்.

தொடக்கம்: நிறங்கள் பொய் சொல்வதில்லை, மனிதர்கள்தான்...

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

இன்னொரு தொடக்கம்: முதியவர்களின் வீட்டுக்கே செவிலியர்களை அனுப்பும் ஓர் அலுவலகத்தில் அக்கா கணினி வேலை பார்க்கிறாள்.

இது பரவாயில்லை. போவோம்.

2

அங்கே ஒவ்வொரு செவிலியருக்கும் கணினி வருகை ஷீட்டில் ஒரு வரிசை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். நேரத்துக்குப் போனால் நீலம், தாமதமானால் சிவப்பு, விடுப்பு என்றால் பச்சை. மேனேஜர் எழுத்தைப் படிக்கிற ஆள் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிறத்தை மட்டும் பார்ப்பார். சிவப்பு கூடினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது; நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இதுவரை கையால் நிறம் போட்டார்கள். அது தானாக நடக்க அக்கா ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதினாள். அலுவலகத்தின் பழைய மென்பொருளில் நிறங்கள் ஆறெழுத்துக் குறியீடுகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன: முதல் இரண்டெழுத்து சிவப்பின் அளவு, நடு இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். அதை அப்படியே எண்ணாக மாற்றி ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்தாள். ஸ்கிரிப்ட்டோ நீலத்தை முன்னாலும் சிவப்பைக் கடைசியிலும் எதிர்பார்க்கிற பிறவி. அது அவளுக்குத் தெரியாது.

[அடிக்குறிப்பு போல ஒன்று: கணினி பிடிக்காதவர்கள் மேலே உள்ள பத்தியைத் தாண்டிவிடலாம். படித்து முடித்த பிறகு சொல்கிறேன், மன்னிக்கவும்.]

சோதித்துப் பார்த்தாளா? பார்த்தாள். விடுப்பில் இருந்த ஒருவரின் வரிசையில். பச்சை வர வேண்டும், பச்சையே வந்தது. நடுவில் உட்கார்ந்திருப்பவரை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நடுவில்தானே இருப்பார்! அக்கா நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டாள்.

3

பாத்திரங்கள் இருவர். 'கடிகாரம்': பெண் செவிலியர்; அந்த அம்மா அழைப்புமணியை அழுத்தினால் நோயாளிகள் மாத்திரைக்கு வாயைத் திறப்பார்கள். 'அஞ்சு நிமிஷம்': ஆண் செவிலியர். "அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்று போனில் சொல்லும்போது பல் துலக்கிக்கொண்டிருப்பவர்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் கூட்டம். திரையில் கடிகாரத்தின் வரிசை முழுக்கச் சிவப்பு.

"என்ன சிஸ்டர் இது? உங்களைத்தானே மலைபோல நம்பியிருந்தேன்!"

"நான் லேட்டா போனதே இல்ல சார்."

"ஷீட் சொல்லுதேம்மா."

"ஷீட்டு என்கூட பஸ்ல வந்துச்சா சார்?"

அக்கா திரையை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ தப்பு; எங்கே என்று தெரியவில்லை. மேனேஜர் கடிகாரத்தின் ஒப்பந்தத் தாளை ஓரமாகத் தள்ளினார்.

கதவு திறந்தது. அஞ்சு நிமிஷம். (கூட்டம் தொடங்கி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று கேட்காதீர்கள்.)

"வாங்க, வாங்க! இந்த வருஷம் நீங்கதான் முதல் ஆள். ஒரு சிவப்புகூட இல்ல. எல்லாரும் கைதட்டுங்கப்பா!"

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். உட்கார்ந்தால் போதும், வேலை நிச்சயம். நானாக இருந்தால் ஏற்புரையே நிகழ்த்தியிருப்பேன். அதனால்தான் அவர் செய்ததை எழுதும்போது கை தயங்குகிறது. பாத்திரம் என்ற முறையில் ஆள் நம்பும்படியாக இல்லை.

அவர் திரையைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் நீலமா? எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க. இந்த சிஸ்டர் சிவப்பா? ரெண்டும் இடம் மாறிக் கிடக்கு சார்."

அக்கா அப்போதுதான் விழித்தாள். "சார், என் தப்பு. ஒரு நிமிஷம்." குறியீட்டின் முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் இடம் மாற்றி ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டினாள். கடிகாரம் நீலமானார். அஞ்சு நிமிஷம் ஒரு கோடி முதல் மறுகோடி வரை பற்றிக்கொண்டதுபோல் சிவந்தார்.

கடிகாரத்தின் தாளில் அங்கேயே கையெழுத்து விழுந்தது. அந்த அம்மா திரும்பி, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்ததாம்.

5

(ஒழுங்கான கதை என்றால், தனியாக வாழும் ஒரு தாத்தாவுக்குச் சோறூட்டிவிட்டு வருவதால்தான் 'அஞ்சு நிமிஷம்' தாமதமாகிறார் என்று இங்கே தெரியவர வேண்டும். அக்காவிடம் ஆசையாகக் கேட்டேன். "இல்லடா, தூங்கிப் போயிடுவாரு" என்றாள்.)

மேனேஜர் அஞ்சு நிமிஷத்தின் ஒப்பந்தத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அக்கா பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. இவரை வெச்சுக்கலாமா?"

முடிவு அ: வைத்துக்கொள்கிறார்கள்; மறுநாளிலிருந்து அவர் சொன்ன நேரத்துக்கு... (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு ஆ: அனுப்பிவிடுகிறார்கள். ஊசிக்காக வாசலைப் பார்த்துக் கிடக்கும் நோயாளியைக் கேட்டால் இதுதான் நியாயம் என்பார். அவர் சொல்வதும் சரி.

"நிஜமா நீ என்னக்கா சொன்னே?"

"எழுத்தாளர் நீதானே? எழுது." துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என்னால் ஆகவில்லை. என் அக்காவின் தப்பு ஓர் அப்பாவி தலையில் விடியாமல் தடுத்த மனிதர். அவரிடம் எனக்குள்ள நன்றி நியாயத்தைப் பார்க்க விடாது. ஆகவே அக்காவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மேனேஜர் உங்களைப் பார்க்கிறார். கடிகாரமும் பார்க்கிறார். அஞ்சு நிமிஷம் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஊரையே காக்க வைத்தவர், உங்கள் வாயைப் பார்த்துக் காத்திருக்கிறார்.