ஒஸ்ரின் நிற்கவில்லை

1

இந்தக் கதை ஒரு பயத்தில் பிறந்தது. வருகிற வெள்ளிக்கிழமை உரும்பிராயிலிருந்து நமசிவாயம் என்ற தோட்டக்காரர் வருகிறார். எங்கள் சண்டிலிப்பாய் மார்க்கண்டு அண்ணையின் ஒஸ்ரின் ஏ40 காரிலிருந்து எஞ்சினை விலைக்கு வாங்கிக் கழற்றிக்கொண்டுபோய்த் தன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறார். அந்தக் காரை இப்போது யாரும் வாடகைக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது நடுவழியில் நின்ற கார் என்று ஊர் முழுக்கப் பெயர். அந்தப் பிள்ளை என் மகள். ஆகவே அவசரமாக எழுதுகிறேன், பிழைகளை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதத்துப் பனி விலகாத ஒரு காலைப்பொழு...'

(வெட்டிவிட்டேன். பனிக்கு நேரமில்லை.)

இரண்டாவது தொடக்கம் எஞ்சினிலிருந்து. ஐயோ, அந்த எஞ்சினை நீங்கள் பார்க்க வேண்டும்! ஐம்பத்தோராம் ஆண்டில் செய்தது, என்னைவிடப் பத்து வயது மூப்பு. போர்க்காலத் தடையால் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் போனதும் புது ஜப்பான் கார்கள் எல்லாம் படுத்துவிட்டன. (மெய்யாகவே, எங்கள் டொக்டர் வீட்டுக் காருக்குள் ஒரு பேட்டுக்கோழி அடைகிடந்தது.) இந்தக் கிழடோ மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டுக் குதித்தோடியது. ஒரே ஒரு நிபந்தனை. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அது மருந்துப் போத்தலில் வைத்துக் காக்கிற பொருள். கிளம்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, போய்ச் சேரும்வரை அணைக்கவே கூடாது.

3

பின்னால் பூரணம், என் மனைவி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. அவளை மடியில் தாங்கியபடி அவளின் தாய், என் மாமி. முன்னால், வண்டி ஓட்டும் மார்க்கண்டு அண்ணைக்குப் பக்கத்தில் நான். மானிப்பாய் தாண்டியதும் வீதியில் முறிந்த முருங்கைக் கொப்பு ஒன்று கிடந்தது. மார்க்கண்டு அண்ணை எஞ்சினை ஓடவிட்டபடி இறங்கி அதை இழுக்கப் போனார். அப்போது

[எஞ்சின் இருமியது. ஒருமுறை குலுங்கியது. பிறகு]

[மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்ததால்]

[கிழட்டு எஞ்சின்தானே, எத்தனை நாளைக்குத்தான்]

4

மூன்றாவது வரைவை மார்க்கண்டு அண்ணையிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் துணிவை என்னவென்பது! முழுவதையும் வாசித்தார். பூரணத்தைப் பற்றிய இடம் நல்லாயிருக்கிறது என்றார். பிறகு தாள்களை என் கையில் தந்தார்.

"வாயாலை சொன்னது போகட்டும் தம்பி. எழுத்திலை எஞ்சின் நிண்டதெண்டு போடாதை. நாப்பத்திரண்டு வருசத்திலை அது ஒருக்காலும் தானாய் நிக்கேல்லை."

5

ஓம். நான்தான் அணைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தல் விளக்கில் திரியைக் குறைத்துக் குறைத்துப் பழகிய வீட்டுக்காரன் நான். கார் சும்மா நின்று மண்ணெண்ணெய் எரிப்பதைக் கண்டதும் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்போம் என்பார்கள். (இல்லை, இது சாட்டுப்போக்கு.)

மாமி என்னவென்று அலறினா. மார்க்கண்டு அண்ணை கொப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சாவியில் என் கையைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்து, எஞ்சின் நின்றுவிட்டது என்று சொன்னார்.

போத்தலில் மிஞ்சியிருந்தது ஒரு மூடி பெற்றோல். எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே ஊற்றினார். முன்னால் கிளப்பும் கம்பியைச் செருகி ஒரு சுழற்று. ஒன்றே ஒன்று! கிளம்பிவிட்டது! நான் அழுதேன் ஐயா, வெட்கமில்லாமல் அழுதேன். பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கிக் கால் மணி நேரத்தில் மகள் பிறந்தாள்.

அடுத்த கிழமையே மாமியின் வாயால் சந்தை முழுக்கச் செய்தி பரவியது. நான் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. ஏன் பழியை ஏற்றார் என்று, வரைவைக் கொடுத்த அன்றுதான் அவரிடம் கேட்டேன்.

"உன்ரை மாமி உன்னை அந்த இடத்திலையே இறக்கி விட்டிருப்பா. பிள்ளை பிறக்கேக்கை தகப்பன் பக்கத்திலை நிக்க வேணும்."

6

முடிவு ஒன்று: மாமி என்னை மன்னிக்கிறா. (உங்களுக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: நமசிவாயம் மனம் மாறித் திரும்பிப் போகிறார். (அவருடைய வெங்காயம் வாடுகிறது. அவரில் என்ன பிழை?)

முடிவு மூன்று: வெள்ளிக்கிழமை காலை, வாசலில் அந்தக் கார், எஞ்சின் இருந்த இடத்தில்

இல்லை, இதை எழுதமாட்டேன். எந்த முடிவையும் எழுதமாட்டேன். இன்று செவ்வாய். உண்மையைச் சொல்ல மாமி வீட்டுக்குச் சைக்கிளில் புறப்படுகிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும், வாசல் படலையில் வைத்தே நா ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் உங்களிடம் தருகிறேன். சந்தையிலோ கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையிலோ யாராவது மார்க்கண்டுவின் கார் நடுவழியில் நின்றது என்று கதைத்தால், தயவுசெய்து இடைமறியுங்கள். நிறுத்தினவன் பெயர் அருட்பிரகாசம் என்று சொல்லுங்கள்.