ஒரு கப் மட்டும் காலியாகவில்லை

மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து; ஆளுக்கு ஒரு மடக்குத் திராட்சை ரசம். அன்று மதியம் எழுபத்து நான்கு குட்டிக் கண்ணாடிக் கப்புகளையும் பாஸ்டரம்மா தன் வீட்டுச் சமையலறைத் தொட்டியில்தான் கழுவுவார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். உள்ளே விரல் நுழையாது. பழைய டூத் பிரஷ்தான் நுழையும்.

"ஏங்க, ஒரு கப்ல ரசம் அப்படியே இருக்கே. என்னங்க விஷயம்?"

சோபாவில் சாய்ந்திருந்த பாஸ்டர் நிமிர்ந்தார். "குடிக்கவே இல்லையா?"

"வாய்கூட வைக்கல."

விஷயம் பாஸ்டருக்கு உடனே புரிந்துவிட்டது. மனத்தில் யார் மேலாவது கசப்பை வைத்துக்கொண்டு இதைக் குடிக்காதீர்கள் என்று பதினான்கு வருடமாகப் பிரசங்கித்து வருபவர் அவர். ஆக, சபையில் ஒருவர் அதைக் காதில் வாங்கியிருக்கிறார். அதுவே அதிசயம். அந்த ஒருவருக்கு யார் மேல் கசப்பு என்பதிலும் பாஸ்டருக்குச் சந்தேகம் வரவில்லை. தன் மேல்தான்.

"யாருன்னு கண்டுபிடிக்கிறேன்," என்றார். பாஸ்டரம்மா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த கப்பை எடுத்தார்.

பாஸ்டர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார். சபைக்குப் புதிய மண்டபம் கட்டியபோது ஐந்து வருடம் செங்கல்லோடு செங்கல்லாகக் கிடந்தவர் அவர். திறப்பு விழாவில் திரையை விலக்கினால், கல்வெட்டில் கமிட்டியார் பதினொரு பேரும் பட்டங்களோடு இருந்தார்கள். மின்விசிறி கொடுத்தவர் இருந்தார். காம்பவுண்டுக்குப் பெயின்ட் அடித்தவர்கூட இருந்தார். பாஸ்டர் இல்லை. அந்தக் கல்லைப் பதித்த இடமோ பின்சுவர். பீடத்தில் நின்று கண்ணைத் திறந்தால் நேரே அதுதான்.

விழா முடிந்த அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதி வேதாகமத்துக்குள் மடித்து வைத்துவிட்டார். தேதி மட்டும் பாக்கி. இப்போது போவதற்கு முன், அந்தக் குடிக்காத ஆள் யார் என்று தெரிந்தாக வேண்டும். கைக்கு வேறு தாள் அகப்படாததால், கடிதத்தின் பின்பக்கத்திலேயே சந்தேகப் பட்டியலை எழுதினார்.

முதல் பெயர் சபைச் செயலர். ஊரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். தண்ணீர்க் குழாய் போட்டாலும் அதற்கு மேல் ஒரு கல் பதிப்பார் என்பதால் சபையில் அவருக்குப் பெயரே கல்வெட்டு. இரண்டாவது, பிரசங்கத்தின்போது குனிந்து ஏதோ கிறுக்கிக்கொண்டே இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

தலைமையாசிரியர் வீட்டுக்கு ஒரு மாலை சும்மா போவதுபோல் போனார். "அப்படி என்ன சார் எழுதுறீங்க?"

அவர் கூச்சப்படாமல் ஐந்து நோட்டுகளை எடுத்து வைத்தார். பதினான்கு வருடப் பிரசங்கமும் தேதியோடு அதில் இருந்தது. பிழைகள் சிவப்பு மையில்.

"போன வாரம் மோசேயோட வயசைத் தப்பா சொன்னீங்க பாஸ்டர். முந்தியே ஒரு தரம் சரியா சொல்லியிருக்கீங்க. மூணாவது நோட்டுல இருக்கு."

பாஸ்டர் வெகுநேரம் நோட்டைப் புரட்டினார். தன்னுடைய பிரசங்கத்தை ஒருவர் இத்தனை கவனமாகக் கேட்டிருப்பது அவருக்கே புதுச் செய்தி. வீடு திரும்பிப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்.

அடுத்த திருவிருந்து வந்தது. அந்தச் சபையில் ட்ரேக்கள் பெஞ்சு பெஞ்சாகப் போகும். எல்லாரும் கப்பைக் கையில் பிடித்துக் காத்திருப்பார்கள். பாஸ்டர் தன் கப்பை உயர்த்தி, "பானம்பண்ணுவோம்," என்பார். தலைகள் குனியும், சேர்ந்து குடிப்பார்கள். இம்முறை பாஸ்டர் கண்ணை மூடாமல் கவனித்தார். குனிந்த கூட்டத்தில் அவருக்குத் தெரிந்தவை பெரும்பாலும் வழுக்கைகளே. மதியம் தொட்டியிலிருந்து குரல் வந்தது: "இன்னைக்கும் ஒண்ணு."

மூன்றாம் மாதம் பாஸ்டர் விஞ்ஞானத்தில் இறங்கினார். பெஞ்சுக்கு ஒரு ட்ரே, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய ஸ்டிக்கர். ஆராதனை முடிந்ததும் அவரே சமையலறைக்குள் வந்து வரிசையாகச் சோதித்தார். எல்லாம் காலி.

"அப்பாடா. இந்த மாசம் அந்த ஆளும் குடிச்சாச்சு."

"இல்லியே," என்று பாஸ்டரம்மா ஜன்னலோரம் காட்டினார். விளிம்பு வரை ரசத்தோடு ஒரு கப்.

"இது எந்த ட்ரே?"

"ட்ரேல இல்லங்க. பீடத்து மேல, உங்க பைபிள் பக்கத்துல இருந்துச்சு. மூணு மாசமா அங்கிருந்துதான் எடுத்துட்டு வர்றேன்."

முதல் மாதம் கப்பை உயர்த்தியபடியே கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தது பாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. அடுத்த இரண்டு மாதமும் ஆளைத் தேடியதும் வந்தது. குடித்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"முதல்லயே சொல்லக்கூடாதா?"

"முதல் நாளே உங்களைத்தானே கேட்டேன், என்ன விஷயம்னு. நீங்க கண்டுபிடிக்கிறேன்னு கிளம்பிட்டீங்க. சுத்திட்டு இங்கதான வரணும்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலை பாஸ்டர் செயலரின் டைல்ஸ் கடையில் நின்றார்.

"உங்க மேல எனக்கு மூணு மாசமா கசப்பு, பிரதர். கல்லுல எல்லார் பேரும் இருக்கு. என் பேர் இல்ல."

கல்வெட்டு கையிலிருந்த டைல்ஸை மெதுவாகக் கீழே வைத்தார். "முதல் வரியே உங்க பேர்தானே எழுதி உங்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன்? 'அடியேனுக்கு எதுக்குப் பேரு, கர்த்தருக்கே மகிமை'ன்னீங்க. சும்மா சொல்றீங்கன்னு நினைச்சேன். திரும்பவும் சொன்னீங்க. வாசல் வரைக்கும் வந்து மூணாவது தரமும் சொன்னீங்க. சரி, ஜெபிச்சுட்டுதான் சொல்றீங்கன்னு எடுத்துட்டேன்."

பாஸ்டருக்கு அந்த வாசல் நன்றாக நினைவிருந்தது. நாலாவது முறை இவர் வற்புறுத்துவார் என்று அங்கே கொஞ்ச நேரம் காத்து நின்றதும் நினைவிருந்தது.

"மன்னிச்சிருங்க பிரதர்."

"எனக்கும் உங்க மேல ஒண்ணு உண்டு. விழாவுல என் பேச்சை ரெண்டு நிமிஷத்துல முடிக்கச் சொல்லி சீட்டு அனுப்புனீங்க. பதினாறு பக்கம் எழுதிட்டு வந்திருந்தேன்."

"அதுக்கும் சேர்த்து மன்னிச்சிருங்க."

கல்வெட்டின் முகம் மலர்ந்தது. "பெயின்டர் பேருக்குக் கீழ அரை இஞ்ச் இடம் இருக்கு பாஸ்டர். நாளைக்கே வெட்டிடலாமா?"

பாஸ்டர் வேண்டாம் என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் குளியலறைக்கு மூன்று நிறம் பார்த்துவிட்டார். ஆனால் இந்த 'வேண்டாம்' என்பதை அவர் ஒரே ஒரு தரம்தான் சொன்னார், வாசலிலும் நிற்கவில்லை.

அடுத்த மாதம், "பானம்பண்ணுவோம்," என்றதும் பாஸ்டர் முதல் ஆளாகக் கண்ணை மூடினார். ரசம் அவர் நினைத்திருந்ததைவிடப் புளிப்பாக இருந்தது. மதியம் பாஸ்டரம்மா எழுபத்து நான்கையும் கழுவி, வடியவைக்கத் தாள் கேட்டார். பாஸ்டர் வேதாகமத்துக்குள்ளிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்.

"பின்னாடி ஏதோ எழுதியிருக்கே?"

"ரெண்டு பக்கமும் எழுதியிருக்கு. பரவாயில்ல, விரி."