வண்டி இழுக்கவில்லை

புதுச்சத்திரத்தைத் தாண்டி மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்பார்கள். அதுவரை எண்பதில் ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று இழுப்பை விட்டுவிட்டது. தனசேகர் ஆக்சிலேட்டரைத் தரையோடு வைத்து மிதித்தான். மிதித்து என்ன, வண்டி போவேனா என்றது. அறுபது, நாற்பது, இருபது என்று முள் சரிந்துகொண்டே வந்தது. பின்னால் வந்த டேங்கர் லாரிக்காரன் காது கிழிய ஆரன் அடித்தான். ஒதுங்கிக் கடக்கும்போது தலையை வெளியே நீட்டி, வீட்டில் சொல்ல முடியாத ஒரு வார்த்தையையும் சொல்லிவிட்டுப் போனான்.

"யாரப் பாத்துடா சொல்றே?" என்று தனசேகர் கத்தினான். லாரி அதற்குள் பாலத்தை விட்டு இறங்கியிருந்தது.

எப்படியோ உறுமி உறுமி உச்சிக்கு ஏற்றி, அந்தப்பக்கம் சும்மா உருட்டிக்கொண்டு வந்து ஓரங்கட்டினான். பின்னால் கரும்புகை அப்பிக்கொண்டு நின்றது. மணி இரண்டு ஐம்பது.

பக்கத்து இருக்கையில் அங்கம்மாள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு பெரிய காலிப் பை இருந்தது. பின் இருக்கையில் தனசேகர் வாங்கிய முறுக்கும் கடலை உருண்டையும் இரண்டு டப்பாக்களில் இருந்தன. புருசன் எதற்கு வருகிறான், பெண்டாட்டி எதற்கு வருகிறாள் என்று யாரும் கேட்கவே வேண்டாம், அந்த டப்பாக்களையும் பையையும் பார்த்தால் போதும்.

அவர்களின் ஒரே மகள் மோகனப்பிரியா நாமக்கல்லுக்கு அந்தப்பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வார்டன் போனில் ஐந்து நிமிடம் பேசலாம். வழக்கமாக மார்க்கைச் சொல்வாள், அப்பா கேட்பதற்குப் பதில் சொல்வாள், வைத்துவிடுவாள். போன வாரம் மார்க்கே சொல்லவில்லை. "அம்மா, எனக்கு இங்க முடியலைங்கம்மா. வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை, அதுதான் அங்கம்மாளைத் தூங்கவிடவில்லை. ஏன் சாமி என்று கேட்பதற்குள் ஐந்து நிமிடம் முடிந்து போன் அடுத்த பிள்ளையின் கைக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது எவனாவது கூட்டிக்கொண்டு வருவானா என்று தனசேகர் ஒரே பிடியாக நின்றான். பார்க்கும் நாள் மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு. காலை பத்துக்குத் திறக்கிற கேட்டை மாலை நாலுக்குச் சாத்திவிடுவார்கள். இன்றைக்குத்தான் அந்த நாள். விட்டால் இன்னும் ஒரு மாதம். விடியற்காலையிலேயே குளித்து நின்றவளிடம், தீவன லோடு வரும் என்றான், மோட்டார் ரிப்பேர் என்றான், காரை வாட்டர் சர்வீஸ் விட்டுவிட்டு வருகிறேன் என்றான். நாமகிரிப்பேட்டையை விட்டுக் கிளம்பும்போது ஒன்றே முக்கால்.

"கெளம்பறப்பவே மொகரையத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தா வண்டி எப்படிப் போகும்?" என்றான் தனசேகர், பானட்டைத் திறந்துகொண்டே.

"என்ற மொகரைக்கும் இஞ்சினுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"நீ பேசாம உள்ளாற உக்காரு."

உட்காரவில்லை அவள். அவர்களின் கோழிப் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிவரும் குட்டியானை லோடு வண்டியை நாலு வருசமாக அவள்தான் ஓட்டுகிறாள். அதற்கு ஏர் பில்டர் தட்டுவதும் ஆயில் பார்ப்பதும் அவள்தான். ஆனால் இந்தக் காரை மட்டும் தொடவிட மாட்டான். லோடு வண்டி ஓட்டுகிற கைக்குக் கார் சரிப்படாது என்பான். பன்னிரண்டு வருசம் லாரி ஓட்டியவன் இதைச் சொல்கிறான், கேட்டுக்கொள்ளுங்கள்!

தனசேகர் ராசிபுரத்து மெக்கானிக் ராசப்பனுக்குப் போன் போட்டான். வண்டி இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப்பக்கம் மேளம் அடித்தது. ராசப்பன் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டில் இருந்தான்.

"புகை என்ன கலர்ல வருதுங்ணா?"

"கருகருன்னு வருது."

"அப்ப டீசல் போகுது, காத்துப் போகல. ஏர் பில்டருக்குப் போற குழாய் வாயப் பாருங்க. துணி கிணி ஏதாச்சும் கட்டியிருக்கீங்களா? லாரிக்காரங்க சில பேரு காருக்கும் அப்படிப் பண்ணிப்போடறாங்க."

தனசேகர் போனைச் சட்டென்று வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். "நானெதுக்குடா கட்டறேன்?" என்றான்.

"அப்பச் செரிங்ணா, சென்சாராத்தான் இருக்கும். ஒண்ணுத்தையும் தொடாதீங்க. விருந்து முடிச்சுப்போட்டு ஆறு மணிக்கா வாரேன்."

ஆறு மணி! அங்கம்மாளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. ஏறிய வேகத்தில்தான் அந்தத் துண்டும் ஞாபகத்துக்கு வந்தது. புதன்கிழமை கொடியில் அவனுடைய ஈரிழைத் துண்டு பாதியாகக் கிழிந்து தொங்கியது. மீதி எங்கே என்று கேட்டதற்கு, வண்டி துடைக்க எடுத்தேன் என்றான். அன்றைக்குக் கோழிக் கொட்டகையில் எரு அள்ளினார்கள். வாசலெல்லாம் இறகும் தூசியுமாகப் பறந்தது. லாரியில் மக்காச்சோளம் ஏற்றப்போன காலத்தில், தூசி ஏறாமல் இருக்க அந்தக் குழாய் வாயில் துணி கட்டுவார்களாம். அதை அவனே பெருமையாக எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்.

"ஏனுங்க, அந்தத் துண்ட எங்க கட்டுனீங்க?"

"எந்தத் துண்ட?"

"பாதித் துண்ட."

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது. கல்யாணமாகி இருபது வருசம் ஆகிறது, பொய் சொன்னால் இவனுக்கு எது சிவக்கும் என்பதுகூடவா தெரியாது?

"தூசி போகக் கூடாதுன்னு கட்டுனேன். நல்லதுக்குத்தான் கட்டுனேன்" என்றான்.

"கட்டுனதச் சொல்லலைங்க. இப்ப ராசப்பன் கேட்டானே, அப்ப எதுக்கு இல்லைன்னீங்க?"

அவன் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்தான்.

"சொல்லுங்க. எதுக்கு இல்லைன்னீங்க?"

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்று அவன் வெடித்தான். "நாலு மணிக்குப் போய்ச் சேரலைன்னா அடுத்த மாசம் போயிக்கலாம். அதுக்குள்ள அவளும் பழகிக்குவா. பரீட்சையும் கிட்ட வந்துரும். நீ போயி நின்னியினா கண்டிப்பா அழுது கூட்டிட்டு வந்துருவே. ரெண்டு வருசம் படிச்சதெல்லாம் பாழாப் போகும்!"

அடப்பாவி மனுசா. வண்டி நின்றது அவன் செய்த முட்டாள்தனம், அதைக்கூட அங்கம்மாள் பொறுத்துக்கொள்வாள். நின்ற வண்டியைச் சாக்காக வைத்துக்கொண்டு பெற்ற மகளை ஒரு மாதம் காக்கவைக்கப் பார்த்தானே, அதை எந்த ஜென்மத்தில் பொறுப்பது? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தாள். குழாய் சுட்டது. உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். துண்டு வாயில் இல்லை, உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது. காலையில் அடித்த தண்ணீரில் ஊறி, கொட்டகைத் தூசியோடு சேர்ந்து ஆட்டிய மாவாட்டம் அப்பிக்கிடந்தது. பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நகம் ஒன்று பிய்ந்தது. துண்டும் வந்தது.

அதை அவன் நெஞ்சின் மேலேயே வீசினாள்.

"மூச்சு முட்டுனா இந்த வண்டியே நிக்குதுங்க. அவ புள்ளைங்க. அவ எத்தன நாளைக்கு ஓடுவா?"

"ஏய் அங்கம்மா..."

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது, பிறகு ஒரே சீராகச் சத்தம் வந்தது. பானட்டை அவன் பதறிப்போய் மூடினான், ஏறுவதற்காகச் சுற்றி வந்தான். அதற்குள் அவள் கியரைப் போட்டுவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது, நெடுஞ்சாலை ஓரத்தில் அழுக்குத் துண்டும் கையுமாக நின்றுகொண்டு என்னவோ கத்திக்கொண்டிருந்தான். கத்தட்டும் என்று விட்டாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் அவள் வண்டியை நிறுத்தியபோது மூன்று நாற்பத்திரண்டு. அலுவலகத்தில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிள்ளையைப் பார்க்க வருபவர்கள் உட்காரும் கொட்டகைக்கு வரச்சொல்லி ஆளனுப்பினாள். வீட்டுக்குக் கூட்டிப் போவதென்றால் மட்டும் முடியாது என்றாள். அட்டையில் தனசேகரின் மாதிரிக் கையெழுத்துதான் இருக்கிறதாம்.

"அப்பா வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும்ங்க."

"நான் அவளோட அம்மாங்க."

"தெரியுதுங்க. ரூல்ஸ் அப்படி."

"சேக்கறப்பத் தாய் பேருன்னு ஒரு எடத்துல எழுதி வாங்குனீங்களே, அதெதுக்குங்க? அழகுக்கா?"

அந்தப் பெண் குனிந்துகொண்டாள். அங்கம்மாள் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல நின்றாள். எவனை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தாளோ, அவன் கைதான் வேண்டுமாம். போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை.

தகரக் கொட்டகைக்கு மோகனப்பிரியா வந்தாள். சட்டை தோளில் தொங்கியது. வந்தவள் அழுவாள் என்று நினைத்தால், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். விரல் நகங்களை எல்லாம் சதை தெரியக் கடித்து வைத்திருந்தாள். அங்கம்மாள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"என்ன சாமி ஆச்சு? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லைங்கம்மா. தூக்கம் வரமாட்டேங்குது. புஸ்தகத்தத் தொறந்தா எழுத்தெல்லாம் அசையுது. யாருகிட்டச் சொன்னாலும் எல்லாருக்கும் அப்படித்தான்ங்கறாங்க." கேட்டைப் பார்த்தாள். "அப்பா வரலைங்களா?"

"வருவாரு" என்றாள் அங்கம்மாள். வருவான் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை.

மூன்று ஐம்பத்தாறுக்குக் கேட்டின் முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. தனசேகர் இறங்கி வந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நாமக்கல் வரை முட்டை லாரியில் வந்திருக்கிறான். பாதித் துண்டு தோளில் கிடந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது. ஆள் வந்த வேகத்தைப் பார்த்தால் கையெழுத்துப் போட வந்தவன் மாதிரித் தெரியவில்லை.

"கட்டுன புருசன நடுரோட்டுல உட்டுப்போட்டு..." என்று ஆரம்பித்தான்.

மோகனப்பிரியா சட்டென்று எழுந்து நின்றாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். வகுப்பில் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல நேராக நின்றாள்.

"இந்தத் தடவ நானூத்தி நாப்பத்தாறுங்கப்பா. கெமிஸ்ட்ரில போன தடவையவிடப் பதினொண்ணு கொறஞ்சிருச்சுங்கப்பா. அடுத்ததுல எடுத்துருவேங்கப்பா. அம்மாவ வையாதீங்கப்பா."

அவன் மார்க்கைக் கேட்டிருக்கவே இல்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றான். மகளின் முகத்தைப் பார்த்தான், பிறகு அந்த விரல்களைப் பார்த்தான். அவள் தன் கைகளைப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள். அப்பன் கண்ணில் படக் கூடாது என்று பிள்ளை மறைக்கிறது. இதற்கு அவன் என்ன சொல்வான்? திரும்பி அலுவலகத்தை நோக்கி நடந்தான். அங்கம்மாளும் பின்னாலேயே ஓடினாள், எங்கே என்ன சொல்லிக் கெடுத்துவிடுவானோ என்று.

காவலாளி கேட்டின் ஒரு கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். அந்தப் பெண் ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தாள். பெயர், வகுப்பு, காரணம், திரும்பும் நாள், கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருந்தது. மேலே எழுதியிருந்த காரணங்கள் எல்லாம் காய்ச்சல், அம்மை, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், மறுபடியும் காய்ச்சல். தனசேகர் பேனாவை வாங்கிக் குனிந்தான். காரணம் என்ற கட்டத்தில் 'கூப்பிட்டாள்' என்று எழுதினான்.

"என்னங்க சார் இது? காய்ச்சல்னு எழுதுங்க. இதெல்லாம் ஒரு காரணமா?"

"காய்ச்சல் இல்லீங்க" என்றான் தனசேகர். "புள்ள கூப்புட்டா. போன ஞாயித்துக்கெழமையே கூப்புட்டா. நாந்தான் இன்னைக்கு வரைக்கும் வரல."

திரும்பும் நாள் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அங்கம்மாளுக்குக் கோபம் தீரவில்லை. தீருகிற கோபமா அது? வீட்டுக்குப் போய் அவனிடம் கேட்பதற்கு இன்னும் ஆயிரம் இருந்தது. இப்போதைக்குக் காலிப் பையைத் தூக்கிக்கொண்டு மகளின் துணிமணிகளை எடுக்க விடுதிக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது தனசேகர் பின் இருக்கையில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாவியைக் கேட்கவில்லை.