வேலிக்குச்சி நாற்பது

ஒன்பது வருஷம் தினக்கூலியாகக் களை வெட்டியவளுக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது என்றால் தூக்கம் வருமா? கால்வாய்க் கரையில் ஒரு சீமையத்தி மரம்கூட இல்லையென்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் யாரும் அவளை ‘நாளைக்கு வா, பார்க்கலாம்’ என்று சொல்ல முடியாது.

சீமையத்தியைத் தோட்டத்தில் வளர்த்தால் செல்லப்பிள்ளை. அதன் பழத்தைக் குருவி தின்று கரையில் எச்சமிட்டதோ, தொலைந்தது. கல்லைப் பிளந்து, வேறு புல்பூண்டு தலையெடுக்க விடாமல் அடைத்துக்கொள்ளும். அவளும் ரம்பம் பிடிக்கும் கொழுந்தனுமாக இரண்டு மாதம் முன்பு அத்தனையையும் வெட்டிச் சாய்த்து, அடிக்கட்டை ஒன்று விடாமல் மருந்து தடவினார்கள். யாரும் மிதிக்காமல் சுற்றிலும் கயிறு கட்ட வேண்டும், குச்சி இல்லை. வெட்டிய கிளைதான் மலையாகக் கிடக்கிறதே! நறுக்கி நாற்பது ஊன்றினார்கள்.

அதிகாரி வருகிற அன்று காலையில் போய்ப் பார்த்தால், நாற்பதும் தளதளவென்று துளிர்த்து நிற்கின்றன.

“அடப்பாவி! என்னடா இது?”

“மருந்துதான் தடவினோமே அண்ணி!”

“கட்டைக்குத் தடவினோம். குச்சிக்கு உங்க அண்ணனா வந்து தடவினாரு?”

இருவரும் குந்தி உட்கார்ந்து இலையைக் கிள்ள ஆரம்பித்தார்கள். பால் பட்டு விரலெல்லாம் ஒரே அரிப்பு. இருபதாவது குச்சியில் ஜீப் வந்து நின்றுவிட்டது.

அதிகாரி கயிற்றோரமாகவே நடந்தார். ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. அவள் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சனியன், உண்மை வந்துவிட்டது.

“நாங்க ஊனினதுதான் சார். ஒன்பது வருஷம் வெட்டினவளுக்கு இது துளிர்க்கும்னு தோணியிருக்கணும். தோணல.”

“எத்தனை ஊனினீங்க?”

“நாப்பது.”

“எத்தனை செத்துச்சு?”

“ஒண்ணுகூட இல்ல சார்,” என்றாள், அழாத குறையாக.

அதிகாரி பெருமூச்சு விட்டார். “நடவுப் பிரிவும் என் தலையிலதான் இருக்கு. போன வருஷம் முந்நூறு கன்னு வெச்சாங்க. பிழைச்சது ஆறு.”

அவளை நிரந்தரமாக்கும் காகிதத்தில் ‘களை’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘நடவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “திங்கக்கிழமை அங்க வந்துடுங்க. நிரந்தரம்தான்.”

ஜீப் போன பிறகும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“எல்லாம் சரி அண்ணி, இந்த நாப்பதையும் யாரு பிடுங்கறது?”

“களைப் பிரிவுல யாராவது இருப்பாங்க, போய்க் கேளுடா,” என்று அவன் கையிலேயே கடப்பாரையைக் கொடுத்தாள்.