அரை வரி

வன்னியில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி ஜெனிற்றாவிடமிருந்து தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. அது 2009. சண்டைச் செய்தி போடும் வலைத்தளத்தை நாட்டுக்குள் திறக்க முடியாது. தடுத்துவிட்டார்கள், அரசாங்கத்து மகராசன்கள்.

ஓப்பநாயக்க டவுனில் கம்யூனிகேஷன் கடை வைத்திருந்த மர்சூக் அதற்கொரு வழி செய்தார். ரீடர் என்று ஒன்று. தளத்தில் புதிதாக எது ஏறினாலும் தலைப்பும் முதல் இரண்டு வரியும் தடையைச் சுற்றிக்கொண்டு தானாக அதில் வந்து விழும். முழுதும் வராது.

"இவ்வளவுதான் அந்தனி அண்ணே. மிச்சத்துக்கு அந்தத் தளத்துக்குள்ளதான் போகணும்," என்றார். கம்ப்யூட்டரை ரோட்டுப் பக்கம் தெரியாமல் திருப்பி வைத்திருந்தார்.

ரப்பர் பால்வெட்டு முடிந்ததும் தினம் போவேன். அம்மா லூர்தம்மா எங்கள் தோட்டத்து லயத்து வாசலிலேயே நிற்பாள். "என்னாப்பா போட்டிருக்கு?" என்பாள். ஒன்றும் இல்லை என்பேன். ஒன்றும் இல்லாததே பெரிய நிம்மதி.

ஒரு வெள்ளிக்கிழமை அது வந்தது. வன்னியில் ஒரு குடியிருப்பில் ஷெல் விழுந்ததாம். இரண்டாம் வரி இப்படி இருந்தது: 'ஓப்பநாயக்கவைப் பிறப்பிடமாகக் கொண்ட ஜெனிற்றா என்பவர்...'

அதோடு நின்றது. 'மேலும்' என்பதை அமுக்கினேன். வெள்ளைப் பக்கம். மறுபடி அமுக்கினேன். நாசமாய்ப் போன வெள்ளை.

"அமுக்காதீங்க அண்ணே, தெறக்காது," என்ற மர்சூக், கத்தாரிலிருந்த மச்சானுக்கு போன் போட்டார். அங்கே திறக்கும். மச்சான் வேலையில் இருந்தார். மறுநாள் பார்த்துச் சொன்னார், அந்தச் செய்தியையே தளத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். எங்கள் ரீடரில் மட்டும் அந்த அரை வரி அப்படியே இருந்தது.

அம்மாவிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை. "ஞாயித்துக்கெழம பூச குடுப்போம்," என்றாள்.

கோயிலில் பூசைக்கு முன்னால், இருப்பவர்கள், இறந்தவர்கள் யார் யாருக்காக அந்தப் பூசை என்று கருத்துகளை வாசிப்பது வழக்கம். பாதர் அதை எழுதப் பேனையோடு கேட்டார்: "ஜெனிற்றாவுக்குத்தானேம்மா? சுகத்துக்கா, ஆத்தும இளைப்பாற்றிக்கா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீதானேப்பா படிச்ச. சொல்லு."