கார் டாப்பில் ஏறிய சைக்கிள்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு சைக்கிளைக் கொண்டுபோக பஸ் இருந்தது, லாரி இருந்தது, கொஞ்சம் சுற்றிப் போனால் மலையடிவாரம் வரை ரயிலும் இருந்தது. பஞ்சாமிர்தக் கடை தண்டாயுதபாணி மூன்றையும் விசாரித்து, மூன்றையும் தள்ளிவிட்டார். பஸ்ஸில் போட்டால் வெங்காய மூட்டைக்கு அடியில் கிடக்கும். லாரியில் போட்டால் தார்ப்பாய் மூடிவிடும். ரயிலில் ஏற்றினால் கார்டு ஒருவர்தான் பார்ப்பார். நாலு பேர் பார்க்காத சைக்கிளை வாங்கி என்ன பயன்?

"நம்ம கார் டாப்புல கட்டுறா, ராமரு," என்றார் டிரைவரிடம்.

சைக்கிள் அவர் மகள் சண்முகவள்ளிக்கு. கொடைக்கானலில் மலைநாட்டு மாதர் நலச் சங்கம் என்று ஒன்றைப் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். வில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் புத்தி சொல்ல ஒரு சேவிகை வேண்டும். வேலை சண்முகவள்ளிக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை நாலு மணிக்குள் சொந்தச் சைக்கிளோடு வந்து, சங்கத்து வாசலில் ஓட்டிக் காட்டிவிட்டுச் சேர வேண்டும். தவறினால் அடுத்த பெண்ணுக்கு. அந்த மலைச் சரிவில் ஆடு ஏறவே மூச்சு வாங்கும், அங்கே சைக்கிள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சங்கத்தை ஆரம்பித்தவர்கள் சென்னைக்காரர்கள்.

வேலை தவறினால் சண்முகவள்ளிக்கு என்ன நடக்கும் என்பதும் முடிவாகியிருந்தது. ஆயக்குடி ஜவுளிக்கடை மாப்பிள்ளை, தை மாதம். அவர்கள் வீட்டில் மருமகள் வாசல்படி தாண்டுவது கிருத்திகைக்கு மட்டும்தான். "திங்கக்கெழம போயி சேந்தாச் சரி. இல்லன்னா கழுத்த நீட்டு," என்று அம்மா சிவபாக்கியம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். மதுரையில் பயிற்சிக்குப் போன இடத்தில், விடுதிக்குப் பின்னால் முழங்காலைப் பேர்த்துக்கொண்டு கற்றது. தண்டாயுதபாணி அதை ஒப்புக்கொண்டார், பார்க்கத்தான் மறுத்தார். "ஓட்டிக் காட்டுறதெல்லாம் வேண்டாம். நான் செக்ரெட்டரிகிட்ட நாலு வார்த்தை பேசுனாப் போதும்." அவர் கணக்கு தெளிவானது. மகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர் என்பது பெருமை. மகள் சைக்கிளில் போகிறாள் என்பது மானக்கேடு. சைக்கிள் ஊரறியத் தெரிய வேண்டும், மகள் அதன்மேல் தெரியக்கூடாது. கார் டாப்பைவிடப் பொருத்தமான இடம் ஏது?

திங்கட்கிழமை வெள்ளனே கிளம்ப வேண்டும் என்று சண்முகவள்ளி முந்தின நாளே பத்து தடவை சொல்லியிருந்தாள். கிளம்பினார்கள். ஆனால் பழனியில் புது வண்டி எதுவும் அடிவாரத்துப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஊர் எல்லையைத் தாண்டாது. ஆஸ்டின் கார் கிழடு, அதற்கு வேண்டியதில்லை. சைக்கிள் புதுசு. அதுவோ சீட்டும் ஹேண்டில்பாரும் கீழே, சக்கரம் இரண்டும் ஆகாயத்தைப் பார்க்க, மல்லாக்கக் கட்டிக் கிடந்தது.

"மேல ஏறிப் பழத்தச் சக்கரத்துல தேச்சு விட்டாப் போதாதா, சாமி?" என்று கேட்டான் பொன்னுவேல். இவன் சிவபாக்கியத்தின் தம்பி. எந்தப் பயணத்துக்கும் கூப்பிடாமல் வருபவன்.

"பழம் பூமியில இருக்கணும், சக்கரம் அதுமேல ஏறணும்," என்றார் குருக்கள். "காத்துல ஓடுற வண்டிக்கு நான் பூஜை பண்ணதில்லே."

கயிற்றை அவிழ்த்தார்கள். இறக்கினார்கள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. பழம் நசுங்கியது. திரும்ப ஏற்றிக் கட்டும்போது முன்சக்கரம் முன்பக்கமா பின்பக்கமா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வெயில் படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டது. சண்முகவள்ளி காருக்குள் போய் உட்கார்ந்தாள், இறங்கினாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்பா, நேரமாகுதுப்பா."

"சாமி காரியத்துல அவசரப்படாத."

சாமி காரியம் முடிந்து கார் புறப்பட்டதும் ஆசாமி காரியம் ஆரம்பித்தது. வெறும் சாலையில் ராமர் எவ்வளவு வேகமாகப் போனாலும் தண்டாயுதபாணி பேசவில்லை. வீடுகள் தென்பட்டால் போதும், "மெதுவாப் போப்பா" என்பார். ஒட்டன்சத்திரம் கடைவீதியில் அந்த ஆஸ்டின் சப்பரம் போல நகர்ந்தது. காற்றில் சக்கரங்கள் கிர்ரென்று சுற்றின. சந்தைக்கு வந்தவர்கள் தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தண்டாயுதபாணி அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வத்தலக்குண்டில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினார். யாருக்கும் டீ வேண்டியிருக்கவில்லை. ஆனால் கடையில் கூட்டம் இருந்தது.

"டாப்புல கட்டுனாக் காத்து புடிக்கும், பெட்ரோலக் குடிக்கும்," என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"அதெல்லாம் நல்லதுக்குத்தான்," என்றான் பொன்னுவேல். "கார் படுத்துட்டா சைக்கிள்ல போகலாம். சைக்கிள் படுத்துட்டா கார்ல போகலாம்."

"ரெண்டும் படுத்துட்டா?"

"அப்ப பாதயாத்திரைதான்! நாங்க பழனிக்காரங்க, எங்களுக்கு அது புதுசா?"

எல்லோரும் சிரித்தார்கள். சண்முகவள்ளி சிரிக்கவில்லை. கடைச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அது ஓடவில்லை. ஓடியிருந்தால் இன்னும் பயந்திருப்பாள்.

மலை ஏறத் தொடங்கியதும் பெருமை இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மேலே பாரம் ஒருபக்கம் இழுக்க, கார் ஒருபக்கம் போக, நடுவில் ராமர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டினான். "தலைக்கனம் புடிச்ச வண்டிய மலையில ஓட்டக்கூடாது, மொதலாளி," என்றான். யாரைச் சொன்னான் என்று விளங்காமல் தண்டாயுதபாணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சைக்கிள் இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த வளைவிலும் நீட்டினார். அதற்கடுத்த வளைவில் பார்ப்பதற்காக நீட்டவில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி பெரியகுளம் பக்கமாகப் போயிற்று. சாலையோரக் கிளை ஒன்று பின்சக்கரத்து மாலையைப் பிடுங்கிக்கொண்டது. என்ஜின் கொதித்தது. ஊற்றுத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டு கிளம்பியபோது நிழல்கள் நீண்டிருந்தன.

"ராமண்ணே, வெரசாப் போங்கண்ணே," என்றாள் சண்முகவள்ளி. அழுகை வந்தது. அதை அடக்க முன்சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளி அருவி தாண்டியாயிற்று. ஏரிக்கு இன்னும் இரண்டே மைல். அங்கே சாலைக்குக் குறுக்கே ஒரு வளைவு நின்றது. மூங்கில் கட்டி, வாழை நட்டு, ஜிகினா ஒட்டி, நடுவில் 'வருக வருக' என்று எழுதித் தொங்கவிட்ட வரவேற்பு வளைவு. சாயங்காலம் யாரோ ஒரு மந்திரி வருகிறாராம்.

"நமக்காகவா மச்சான்?" என்றான் பொன்னுவேல்.

மயக்கத்தில் இருந்த தண்டாயுதபாணி ஒரு கணம் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். ராமர் காரின் உயரத்தைக் கணக்குப் பண்ணி உள்ளே விட்டான். வளைவைக் கட்டியவர்களும் அதே உயரத்தைத்தான் கணக்குப் பண்ணியிருந்தார்கள், பஸ்ஸுக்கு ஓரத்து மண்பாதை போதும் என்று. சைக்கிளை இருவருமே நினைக்கவில்லை.

படபடவென்று முறிந்தது மூங்கில். ஒரு பக்கத்துக் கால் பெயர்ந்து வந்தது. முதல் 'வருக' முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது, இரண்டாவது 'வருக' காரின் முன்கண்ணாடியை மறைத்தது.

"ஏலே, நிப்பாட்டுலே! நிப்பாட்டு!"

நாலைந்து பேர் அரிவாளோடு ஓடிவந்தார்கள். மூங்கில் வெட்டுகிற அரிவாள்தான். முன்னால் வந்தவர் பூண்டு விவசாயி செல்லப்பாண்டி, வளைவுக்குப் பொறுப்பாளி.

"என்னய்யா இது? மூணு நாள் சோலியாச்சேய்யா! மந்திரி வர்ற நேரத்துல மானத்த வாங்கிட்டீகளே!"

"நான் யாருன்னு தெரியுமா?" என்றார் தண்டாயுதபாணி.

"பழனியில நீங்க யாரா வேணா இருங்க. வளைவு எங்களோடது. அதத் தூக்கி நிறுத்தாம இந்தக் கார் ஒரு அடி நகராது."

"மணி என்னங்க?" இது சண்முகவள்ளி. அவள் ஏற்கனவே இறங்கியிருந்தாள்.

"மூணரை ஆகப் போவுது, தாயீ."

அவள் டாப்பைப் பார்த்தாள். "சைக்கிள எறக்கிக் குடுங்க. நான் போயிடுறேன்."

"வள்ளி!" தண்டாயுதபாணி குரலைத் தாழ்த்தினார். "இம்புட்டுப் பேர் பாக்கைலயா? கார் ரெடியாகட்டும். நான் செக்ரெட்டரிகிட்டப் பேசிக்கிறேன்."

"நாலு மணிக்கு மேல யாருகிட்டப்பா பேசுவீங்க? ஆயக்குடிக்காரங்ககிட்டயா?"

அதற்குள் செல்லப்பாண்டி பின் பம்பரில் ஏறிவிட்டார். வளைவு சைக்கிளில் மாட்டியிருந்தது, சைக்கிளை எடுக்காமல் வளைவை எடுக்க முடியாது. அவருக்கு அவர் கவலை. இரண்டு வெட்டில் கயிறு அறுந்தது. சைக்கிள் ஜிகினாக் காகிதத்தோடு கீழே வந்தது.

சண்முகவள்ளி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். "அப்பா, வர்றேன்," என்றாள். முதல் மிதி தடுமாறியது. அடுத்த மிதியில் சரியாயிற்று. ஏற்றம் வந்த இடத்தில் குதித்து இறங்கித் தள்ளிக்கொண்டே ஓடினாள், மேட்டில் ஏறி உட்கார்ந்தாள், மறைந்தாள். மூங்கில்காரர்களில் ஒருவன் விசிலடித்தான்.

தண்டாயுதபாணி பின்னால் ஓடப் பார்த்தார். செல்லப்பாண்டி அவர் கையில் ஒரு மூங்கிலைக் கொடுத்தார். "எங்க போறீக? இதப் புடிங்க. குழி தோண்டி நடுற வரைக்கும் ஆடாமப் புடிக்கணும். மாப்ளே, நீங்க அந்தப் பக்கம்," என்றார் பொன்னுவேலிடம்.

பழனியில் மூன்று கிளைக் கடை வைத்திருப்பவர் வளைவுக்குக் கால் ஆனார். நிற்க முடியவில்லை அவருக்கு. ஒரு காலை மாற்றினார், மறு காலை மாற்றினார், கழுத்தைத் திருப்பி மேட்டைப் பார்த்தார். "விழுந்திருப்பாளோ மாப்ளே? பிரேக் புடிக்குமா? ஏரியோரம் வளைவு ஜாஸ்தியாமே?" மூங்கில் ஆடியது. "ஆட்டாதீக!" என்று சத்தம் வந்தது. மஞ்சு இறங்கி மேட்டை மூடியது.

வெகு நேரம் கழித்து, கீழே போகும் பஸ் ஒன்று மஞ்சுக்குள்ளிருந்து வந்து, வளைவுக்காக நின்றது. தண்டாயுதபாணி கண்டக்டரைக் கூவி அழைத்தார்.

"தம்பி! வழியில சைக்கிள்ல ஒரு பொண்ணப் பாத்தீங்களா?"

"முந்தானையச் செருகிக்கிட்டு ஒரு புள்ளயா? பாக்காமயா! ஆரன் அடிச்சும் வழி விடலயே. அந்த மாதர் சங்கத்து வாசல்ல ரெண்டு சுத்துச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு வெள்ளைக் கதர்ச் சேலையம்மா கைக்கடிகாரத்தப் பாத்துட்டு, போதும் எறங்கும்மான்னாங்க, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. யாருங்க அது?"

தண்டாயுதபாணிக்கு மூச்சு வந்தது. மூச்சோடு மற்றதும் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார். பஸ்ஸிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அது என் மகதான்!" என்றார். "சைக்கிள் பழக்குனதே நாந்தானே!"

குழிக்குள் மண் தள்ளிக்கொண்டிருந்த செல்லப்பாண்டி தலை நிமிர்ந்தார். "அப்பிடியா? அப்ப நீங்களும் ஓட்டுவீகளா?"

"ஓட்டுறதாவது!" என்றார் தண்டாயுதபாணி, மூங்கிலை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டு. "இத விட்டா உங்க வளைவு விழுந்துருமேன்னு பாக்குறேன். இல்லன்னா இப்பவே ஓட்டிக் காட்டியிருப்பேன்."