பல்லில் போட்ட கோடு

1
இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. கோரிப்பாளையத்தில் துளசிராமின் வெல்டிங் பட்டறைக்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அதிலும் ஓட்டை. என் மேல் என்ன குற்றம்?

'1984-இல் ஒரு வெயில் நாளில் பொக்லைனின் ஐந்து பற்கள் சாக்கில் வந்து…' என்று தொடங்கினேன். வேண்டாம். மதுரையில் வெயிலடிக்காத நாள் எது?

2
மண்ணை வாரும் பொக்லைன் வாளியின் இரும்புப் பல் தேயும். தேயாமலிருக்க அதன்மேல் கெட்டியான உலோகத்தை உருக்கிக் கோடு கோடாகப் போடுவார் துளசிராம். மண் வேலைக்குக் குறுக்குக் கோடு; இடுக்கில் மண் அப்பிக்கொண்டு பல்லைக் காக்கும். பாறைக்கு நெடுக்குக் கோடு. (இதற்குமேல் எனக்குத் தெரியாது.)

சாக்கைக் கொண்டுவந்தவன் ஆபரேட்டர் நல்லகாமன். முதலாளி வெள்ளைத்துரை அவனைக் கண்மாய் தூர்வார அனுப்பியிருந்தார். பற்களோ முனை பிய்ந்து கிடந்தன.

"கம்மா மண்ணு இப்படித் திங்காதே மாப்ள" என்றார் துளசிராம்.

அவன் கொஞ்சம் மழுப்பிவிட்டு ஒப்புக்கொண்டான். கீழக்குயில்குடிப் பக்கம் அவன் அக்கா மாயக்காளுக்குப் பாறைக்காடு. முதலாளிக்குத் தெரியாமல் இரண்டு நாள் மெஷினை அங்கே பாறை பெயர்க்க ஓட்டிவிட்டான். அங்கே இன்னும் அரை நாள் வேலை பாக்கி. சாயந்தரம் முதலாளியே பல்லை எடுக்க வருகிறார். நெடுக்குக் கோட்டைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும், வேலை போய்விடும்.

"குறுக்காவே போட்ருங்கண்ணே."

"குறுக்கா போட்டா பாறையில அரை நாள் தாங்காது. அப்ப மட்டும் அவருக்குத் தெரியாதாக்கும்?"

3
[நல்லகாமன்மேல் இரக்கம் வரட்டுமென்று அக்காவுக்கு ஒரு வியாதி கொடுத்துப் பார்த்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். காடு பாறையாக இருப்பதே போதாதா?]

துளசிராம் முகமூடியை இறக்கினார். ஐந்து பல்லிலும் நெடுக்குக் கோடு.

வெள்ளைத்துரை வந்தார். ஒரு பல்லை எடுத்துத் தடவினார்.

"என்ன துளசி, கோடு நெடுக்கா கிடக்கு?"

"அசதில மாத்திப் போட்டுட்டேன்" என்றார், இருபது வருஷத்தில் ஒரு கோடுகூட மாற்றிப் போடாத துளசிராம்.

4
முடிவு ஒன்று: வெள்ளைத்துரை நம்பிவிடுகிறார். துளசிராமுக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. வண்டிகள் வேறு பட்டறைக்குப் போய்விடுகின்றன. (அந்தப் பேச்சை நானே பரப்புவேன். என் வாயை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: நம்பவில்லை. நல்லகாமன் அங்கேயே சாவியை நீட்டிவிட்டு…

இரண்டையும் எழுதி முடிக்க எனக்குத் தெம்பில்லை. வெள்ளைத்துரை இன்னும் பல்லும் கையுமாகத்தான் நிற்கிறார். நல்லகாமன் தரையைப் பார்க்கிறான். இனி அவரைப் பேசவைப்பது உங்கள் பாடு. என்ன பேசவைத்தாலும் துளசிராம், நல்லகாமன் இரண்டு பேரில் ஒருத்தர் பிழைப்பு போகும். அதை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள்.